டாக்ரோஸின் கொட்டிலில் வெண்ணெய்

நான் வேலை செய்யும் இடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு இன்னும் முடியவில்லை. ஒஸ்லோவின் தெற்கு ஓரத்தில் ஒரு குடும்பத்தின் பழைய பாற்பண்ணையை அன்று இருந்தபடியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. பனிக்காலத்தில் கிணற்றுப் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் அள்ளி, சாணம் வாரி, டாக்ரோஸ் என்ற பசுவைக் கையால் கறப்பேன். விரல் விறைத்துப்போகும். ஆனாலும் முதல் பால் வாளியில் சுர்ரென்று விழும்போது எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருக்கும்.

என் கணவர் கிறிஸ்ரியனுக்கு இது வெட்கம். எங்கள் மாதா கோயிலில் யார் கேட்டாலும், "கரோலினாவுக்கு மியூசியத்திலை கந்தோர் வேலை" என்று சொல்லிவைத்திருந்தார். அலுவலக மேசையை நான் தொட்டதே இல்லை. கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஞாயிறு என் தகுதிகாண் காலத்தின் கடைசி நாள். பார்வையாளர்களின் முன்னால் வெண்ணெய் கடைய வேண்டும். திரண்டால் வேலை நிரந்தரம் என்று பொறுப்பாளர் யூலியா சொல்லியிருந்தாள். கிறிஸ்ரியன்தான் காரில் கொண்டுவந்து விட்டார்; பின்னேரப் பூசைக்குச் சேர்ந்து போகலாம் என்று அங்கேயே நின்றார். சேர்த்துவைத்த பாலாடையை அடுப்பறையில் இளஞ்சூட்டில் வைத்துவிட்டு நான் பால் கறக்கப் போனேன். திரும்பி வந்தால் பாத்திரத்தைக் காணோம்!

"பாலாடை எங்கை?"

"பழுதாப் போகுமெண்டு வெளியிலை பனிக்குள்ளை வைச்சனான். அடுப்புக்குக் கிட்ட ஆரும் பாலை வைப்பினமே?"

ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டு ஆட்டுக்கறிச் சட்டி பனிக்காலம் முழுக்கப் பல்கனியில்தான் குடியிருக்கும். ஃபிரிட்ஜ் நிரம்பினால் எங்கள் சனம் எல்லாருமே செய்கிற வேலை அது. ஆனால் விறைத்த பாலாடையை நாள் முழுக்கக் கடைந்தாலும் நுரைதான் வரும்.

"என்ரை வேலையிலை மண்ணள்ளிப் போட்டியளே!"

அடுப்பில் வைத்தால் உருகி எண்ணெயாகிவிடும். வாசல் படலையடியில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். சட்டென்று புத்தி வேலை செய்தது. பனிக்காலத்தில் பண்ணையிலேயே சூடான இடம் மாட்டுக்கொட்டில். டாக்ரோஸ் மூச்சு விட்டாலே போதும்!

"தூக்குங்கோ! கொட்டிலுக்கு!"

உயரமான மரக் கடைகலத்தில் பாலாடையை ஊற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினேன். சூடு வெளியேறாமல் சுற்றிக் கட்ட ஏதாவது வேண்டும்.

"உங்கடை ஜக்கெற்றைக் கழட்டுங்கோ."

"பின்னேரம் பூசைக்குப் போடுறது, கரோ!"

"கழட்டுங்கோ எண்டனான்!"

கழற்றினார். கடைகலம் கறுப்பு ஜக்கெற் போட்டுக்கொண்டு நின்றது.

பார்வையாளர்களைக் கொட்டிலுக்குள் அழைத்தேன். ஆளுக்குக் கொஞ்ச நேரம் கடைகலத்தின் மரத்தண்டை மேலும் கீழும் இடித்தார்கள். நுரை. மறுபடியும் நுரை. யூலியா கதவடியில் கைகட்டி நின்றாள். மாட்டுக்குக் கிட்டவே வராத கிறிஸ்ரியன் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து தண்டைப் பிடித்தார். டாக்ரோஸ் அவருடைய கழுத்தை நக்கியது. நெளிந்தாரே தவிர, நிறுத்தவில்லை.

திடீரென்று சத்தம் மாறியது. தொப், தொப் என்று கனத்தது.

"கரோ! ஏதோ இழுக்குது!"

மூடியைத் திறந்தேன். மோரில் வெளிர்மஞ்சள் மணிகள் மிதந்தன. "வெண்ணெய்!" என்று நான் போட்ட கூச்சலில் டாக்ரோஸே திரும்பிப் பார்த்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தட்டை ரொட்டியில் பூசிக் கொடுத்தது நிமிடத்தில் காலியானது.

யூலியா விரலை நக்கிக்கொண்டே நோர்வேஜிய மொழியில் சொன்னாள்: "நாளைக்கும் மாட்டைக் கறக்க வேண்டும். நாளைக்கு மட்டுமில்லை, இனி எப்போதும். நேரத்துக்கு வந்துவிடு."

நான் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

பூசைக்கு நேரமாகிவிட்டதால் நேரே கோயிலுக்குப் போனோம். வாசலில் ஆன்ட்ரியாஸ் அண்ணை மூக்கைச் சுளித்தார்.

"என்ன தம்பி, ஜக்கெற்றிலை மாட்டு மணம் அடிக்குது?"

இனி என்ன புளுகப்போகிறாரோ என்று நான் பல்லைக் கடித்தேன். கிறிஸ்ரியன் என்னை ஒருதரம் பார்த்தார்.

"மாட்டுக்கொட்டிலுக்குள்ளை நிண்டனான், அண்ணை. என்ரை மனிசிக்கு அங்கைதான் வேலை. மாடு கறக்கிறவ. இண்டைக்கு நிரந்தரமாக்கிப்போட்டினம்."

வேலை கிடைத்தபோது வராத கண்ணீர் எனக்கு அப்போதுதான் வந்தது. அவரோ பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். எனக்குத் தெரியாமல் எடுத்துவைத்த வெண்ணெய் ரொட்டி!

"இந்தாங்கோ, சாப்பிட்டுப் பாருங்கோ. இவ கடைஞ்சது."