ராக்கெட்டுக்குக் கிரீஸ் தேர்ந்தெடுத்த கமிட்டி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், கருவேலங்காட்டுக்கு நடுவே இருந்த இன்ஜினியரிங் கல்லூரியில் அமுதவள்ளி விரிவுரையாளர். மாணவிகளோடு சேர்ந்து ஆளுயர ராக்கெட் ஒன்றைச் செய்து முடித்திருந்தாள். அதன் மோட்டார் குழாயில், சூடான வாயு கசியாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் உட்கார வேண்டும். வளையம் முறுக்கிக்கொள்ளாமல் இறங்க அதில் கிரீஸ் தடவ வேண்டும். எந்தக் கிரீஸ் என்று முடிவுசெய்ய, தாளாளர் பூமிநாதன் கமிட்டி போட்டார்.

"சிலிகான் கிரீஸ்தான் சார். இந்த ரப்பருக்குப் பெட்ரோலியக் கிரீஸ் ஆகாது, ஊதிரும்," என்றாள் அமுதவள்ளி.

விஜயபாண்டி சிரித்தார். தாளாளரின் மச்சினன், பந்தல்குடியில் லாரிக்குக் கிரீஸ் விற்கிறவர். "ஏம்மா, தூத்துக்குடி போற அம்புட்டு லாரியும் நம்ம கிரீஸ்லதான் ஓடுது. இந்தக் குழாய்க்கு ஆகாதாக்கும்?"

தமிழ்த்துறைத் தலைவர் விளக்கெண்ணெய்தான் நம் பண்பாடு என்றார். நூலகர், தாளாளர் சொல்வதே சரி என்றார். தாளாளர் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அமுதவள்ளி ஒரு வளையத்தை லாரிக் கிரீஸில் ஊறப்போட்டு, அடுத்த கூட்டத்தில் எடுத்து வைத்தாள். உளுந்தவடைபோல உப்பியிருந்தது.

"நல்லா புஷ்டியாத்தான இருக்கு," என்றார் பூமிநாதன். "மச்சினன் பேரு விழா பேனர்ல ஏறிருச்சும்மா."

ராக்கெட் ஏவும் விழாவுக்குச் சில நாள் முன்பே, விஜயபாண்டியின் ஆள் வந்து இருந்த வளையங்களையெல்லாம் கிரீஸில் முக்கிவிட்டுப் போனான். விழாவன்று ஒன்றுகூடக் குழாயின் பள்ளத்தில் உட்காரவில்லை. சிறப்பு விருந்தினர் மேடையேறிவிட்டார்.

"அடிச்சு இறக்குங்கம்மா," என்றார் பூமிநாதன்.

"அடிச்சா வளையம் கிழியும் சார். நெருப்பு பக்கவாட்டுல வரும். மொத வரிசையில நீங்கதான் உக்காந்திருக்கீக."

தாளாளர் சற்று யோசித்தார். விஜயபாண்டியின் காரில் சிவகாசிப் பட்டாசு இருந்தது. விருந்தினர் பொத்தானை அமுக்கியதும், மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு வாணம் சீறிப்போய்ப் பச்சையும் சிவப்புமாகச் சிதறியது. கூட்டம் ஆரவாரித்தது. ராக்கெட் நின்ற இடத்திலேயே நின்றது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாட்டுக்கே பெருமை என்றார் விருந்தினர். அமுதவள்ளிக்கு அழுகை முட்டியது. பக்கத்தில் நின்ற மாணவி தங்கலட்சுமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, அமுதவள்ளியும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

அப்புறம் மதுரையிலிருந்து சிலிகான் கிரீஸும் புது வளையங்களும் வாங்கி வந்தாள். முறையாக அனுமதி எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வறண்ட கண்மாயில் மாணவிகளோடு ராக்கெட்டை ஏவினாள். நேராக ஏறி, புள்ளியாகி, பாராசூட் விரித்து இறங்கியது. குழாயைத் திறந்தபோது வளையம் கீறல்கூட இல்லாமல் இருந்தது. தங்கலட்சுமி அதை வளையலாக மாட்டிப் பார்த்தாள், விரல்களைத் தாண்டவில்லை.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சங்கரம்மாள் கத்தினாள்: "ஏத்தா, ஆடு மிரளுதுல்ல! இன்னொன்னு விடுறதா இருந்தா சொல்லிட்டு விடுங்க, நானும் பாக்கணும்!"