டியூப்லைட்டில் ஒரே சாம்பல்

வளைவில் அந்தக் கார் என்னை உரசிவிட்டு நிற்காமல் போனது. ஸ்கூட்டரோடு சாய்ந்தேன். எழுந்து பார்ப்பதற்குள் கார் மறைந்துவிட்டது. எண்ணும் தெரியவில்லை, ஓட்டியவர் முகமும் தெரியவில்லை. என் ஸ்கூட்டரின் நீலப் பக்கவாட்டில் மட்டும் ஒரு சாம்பல் கோடு ஒட்டியிருந்தது.

நான் வேலை பார்ப்பது கார்களுக்குப் பெயின்ட் கலந்து கொடுக்கும் கடையில். வேதியியல் படித்ததற்கு அமைந்த வேலை. கீறல் விழுந்த கார்கள் எங்களிடம் வரும். அதே நிறத்தை எடை போட்டுக் கலந்து கொடுப்பேன். அன்று கடைக்குப் போனதும் ஸ்கூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி என் மேசைக்கு அடியில் வைத்தேன்.

"இடிச்சவன் எங்க போயிடுவான்? பெயின்ட்டுக்கு உன்கிட்டதான் வரணும்," என்றார் ஸ்ப்ரே அடிக்கும் அண்ணன். "வந்தா சொல்லு. அவன் மூஞ்சிக்கும் சேத்து ஒரு கோட்டிங் குடுக்கிறேன்."

அதன்பிறகு சாம்பல் நிறக் கார் எது வந்தாலும் ஆளின் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்தேன். முகத்தைப் பார்ப்பது எனக்கு எப்போதுமே சிரமம்தான். ஒரு பல் டாக்டரைச் சந்தேகப்பட்டேன். அவர் காரில் அடி பின்பக்கம்.

அடுத்து வந்தது அத்தான், அக்காவின் கணவர். தன் சாம்பல் நிறக் காரை ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். அந்தப் பக்கம் எனக்குத் தெரியவில்லை.

"என்ன விஞ்ஞானி, தனியாவா இருக்க?"

"வாங்க அத்தான். அண்ணன் உள்ள இருக்காரு."

"அவரைக் கூப்பிடாத. சின்ன டப்பாவுல கொஞ்சம் பெயின்ட் கலந்து குடு. நம்ம கேட்ல உரசிட்டேன். உங்கக்காகிட்ட மூச்சு விடாத, அப்புறம் ஒரு வாரத்துக்கு எனக்கு அர்ச்சனைதான்."

சிரித்தார். விழுந்ததில் அடிபட்ட என் முழங்கையில் கட்டுத்துணியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. வெளியே நின்ற ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுல ஒரு பக்கத்து மூடி எங்க?"

"கழட்டி வெச்சிருக்கேன்."

அத்தானுக்கு ஹாரனிலிருந்து கை இறங்காது. முன்னால் போகிறவனை முந்தாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது என்பாள் அக்கா. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் பாப்பா, அக்காவின் மகள், தினமும் பள்ளிக்குப் போவது அந்தக் காரில்தான். சீட் பெல்ட் கழுத்தை அறுக்குது என்று அவிழ்த்துவிடுவாள். அவரும் விட்டுவிடுவார். இடித்தது இவர் என்றால் நான் வாயைத் திறந்தே ஆகவேண்டும்.

நிறம் பார்க்க அவர் காரின் பெட்ரோல் வாய்க்கு மேலிருக்கும் பெயின்ட் அடித்த மூடியைக் கழற்றித் தரச் சொன்னேன். அவர் தண்ணீர் குடிக்கப் போனபோது, மேசைக்கு அடியிலிருந்த என் ஸ்கூட்டர் மூடியை எடுத்து, சாம்பல் கோட்டின் மேல் அவருடைய மூடியை வைத்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோயின.

"என்ன, சேருதா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. டியூப்லைட்டை நம்பாதீர்கள், வெயிலில் வைத்துப் பாருங்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறவள் நான். இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவரும் வந்தார். வெயிலில் என் கோடு லேசாகப் பச்சை காட்டியது. அவருடைய மூடி நீலம் காட்டியது. வேறு வேறு பெயின்ட்.

"நீங்க இல்ல," என்றேன். "மன்னிச்சுக்கங்க அத்தான். நீங்கதான் என்னை இடிச்சீங்கன்னு நெனச்சுட்டேன்."

அவர் கோபப்படவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அப்பாடா. நல்லாத் தெரியுமா? அது நீ இல்லையே?"

"எது நான் இல்லையே?"

நான் காருக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து கதவைப் பார்த்தேன். நீளமான கீறல். அதன் குழிக்குள் சிவப்பு ஒட்டியிருந்தது. என் ஸ்கூட்டர் நீலம், அக்கா வீட்டுக் கேட் கறுப்பு.

"யாரை அத்தான் இடிச்சீங்க?"

"தெரியலம்மா. என்ன வண்டின்னுகூடப் பாக்கல. ஒரு சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சிருப்பாங்க. ஸ்கூலுக்கு லேட்டாயிடுச்சு, அதான்..."

"பாப்பா உள்ள இருந்தாளா?"

அவர் தரையைப் பார்த்தார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "வேணாம் விஞ்ஞானி," என்றார் அத்தான். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

"அக்கா, இனிமே பாப்பாவை நான் ஸ்கூல்ல விடறேன்."

"ஏன்டி? அவருக்கு என்ன வந்துச்சு?"

வாழ்க்கையில் முதல்முறையாக அத்தானின் முகத்தை நேராகப் பார்த்தேன். போனை அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே சொல்லிடுங்க."

வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "ஏங்க? லைன்ல இருக்கீங்களா?" என்று அக்கா கேட்பது எனக்கும் கேட்டது.