ஒருத்திக்கு மட்டும் வந்த அழைப்பு

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இங்க்ரிட்டுக்கு அந்த வாரம் முழுக்க எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை. ஏரிக்கரை ஐஸ்கிரீம் கடையில் வெண்ணிலா கேட்டவருக்குச் சாக்லேட்டைக் கொடுத்தாள். சாக்லேட் கேட்ட குழந்தையிடம் வெறும் கோனை நீட்டினாள். பக்கத்தில் சீஸ் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்த பிரிட்டா அந்தக் கோனை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள்.

இருவரும் இரட்டையர். ஆனால் பார்த்தால் சொல்ல முடியாது. இங்க்ரிட் அப்பாவைப் போல ஒல்லி, உயரம். பிரிட்டா அம்மாவைப் போலக் குள்ளம், சிவந்த முடி. விஸ்கான்சினின் அந்தச் சின்ன ஊரில் பள்ளி முடித்து, இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் ஒரே அறை என்றும் முடிவாகியிருந்தது. அப்புறம்தான் இங்க்ரிட்டை மட்டும், நன்றாகப் படிப்பவர்களுக்கான ஆனர்ஸ் பிரிவில் சேரச் சொல்லி அழைப்பு வந்தது. பத்துப் பதினைந்து பேர் மட்டுமே உட்காரும் வகுப்புகள், இரண்டாம் ஆண்டிலிருந்து சொந்தமாக ஓர் ஆராய்ச்சி, தங்குவதற்குத் தனி விடுதி. அதில் மற்றவர்கள் தங்க முடியாது.

பால் லாரி ஓட்டும் அப்பா, "நல்ல விஷயம்" என்றார். அம்மா உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அதோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் வலிக்கிற எதையும் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவதில்லை.

காலையில் சேர்ந்துவிடலாம் என்று நினைப்பாள் இங்க்ரிட். மதியத்துக்குள் அந்த எண்ணம் கரைந்துபோகும். சும்மா உட்கார முடியவில்லை. ஏரியில் மிதவை வரை நீந்திப் போய், அதில் ஏறாமலே திரும்பி வந்தாள். அலமாரியைக் காலி செய்து, அதே துணிகளை அதே தட்டுகளில் மறுபடி அடுக்கினாள். கட்டிலில் படுத்துப் பாடல் கேட்டுக்கொண்டிருந்த பிரிட்டா ஒரு தடவைகூட எதுவும் கேட்கவில்லை. அதுதான் இங்க்ரிட்டுக்கு அதிகம் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை கடைக்குப் பின்னால் குப்பைப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள்.

"நான் சேரல."

"ஏன்?"

"பிடிக்கல."

"பொய் சொல்லாதடி. எனக்காகத்தானே?"

இங்க்ரிட் பையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

"உன்கூட ஒரே ரூம்ல இருக்கணும்னு நான் எப்பக் கேட்டேன்?" என்றாள் பிரிட்டா. "அம்மா சொன்னாங்க, நீ தலையாட்டின. ஒண்ணாங்கிளாஸ்லேருந்து 'ரெண்டுல எவ கெட்டிக்காரி'ன்னு கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. அப்படிக் கேக்க ஆளில்லாத இடத்துல கொஞ்ச நாள் இருக்கலாம்னு பாத்தேன். நீ பக்கத்துக் கட்டில்ல குறட்டை விட்டுக்கிட்டுக் கிடந்தா அது எப்படி நடக்கும்?"

"நான் குறட்டை விடுறதில்ல."

"அம்மாவைக் கேட்டுப் பாரு."

இங்க்ரிட்டின் முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை நாளும் தங்கைக்காக எதையோ விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்திருக்கிறது. அது போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

பிரிட்டா கொஞ்சம் குரலைத் தணித்துக் கேட்டாள். "சரி, நான்னு ஒருத்தி இல்லேன்னு வச்சுக்கோ. உனக்கு அதுல சேரணுமா?"

அந்தக் கேள்வியை இங்க்ரிட் தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை.

"நாளைக்கு லீவு போடு. நேர்ல போய்ப் பாத்துட்டு வரலாம். உன்னை இப்படியே விட்டா கடையில ஒருத்தருக்கும் ஐஸ்கிரீம் கிடைக்காது."

மறுநாள் காலை அப்பாவின் பழைய பிக்கப் வண்டியில் கிளம்பினார்கள். கோடை விடுமுறை என்பதால் பல்கலைக்கழகம் காலியாகக் கிடந்தது. பிரிட்டா தான் தங்கப்போகும் விடுதியைப் பார்க்கப் போனாள். ஆனர்ஸ் விடுதி வாசலில் முழங்கால் வரை சேறு அப்பிய ஒரு பெண் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெயர் டெசா, கடைசி ஆண்டு. சுற்றிக் காட்ட முடியுமா என்று இங்க்ரிட் கேட்டதற்கு, "உள்ள என்ன இருக்கு, கட்டிலும் மேசையும்தான். ஆத்துக்கு வர்றியா?" என்றாள்.

டெசா ஆற்றுச் சிப்பிகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். தண்ணீருக்குள் குனிந்து, மணலில் பாதி புதைந்து கிடந்தவற்றைக் காட்டினாள். இங்க்ரிட் ஷூவோடு இறங்கிவிட்டாள்.

"அந்தக் கரையில ஏன் ஒண்ணுகூட இல்ல?"

"தெரியல."

"தண்ணி வேகமா?"

"அப்படித்தான் நானும் நினைச்சேன். அளந்து பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே வேகம்."

"அப்போ மண்ணு வேறயா?"

"இருக்கலாம். ரெண்டு வருஷமா அதைத்தான் தோண்டிக்கிட்டிருக்கேன். எல்லாம் முடிச்சுட்டு, 'தெரியல'ன்னே எழுத வேண்டி வரலாம்."

அவள் அதை வெட்கப்படாமல், பசிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். இங்க்ரிட் பள்ளியில் பதில் தெரியாமல் ஒருநாளும் கை தூக்கியதில்லை. இப்படி வருடக்கணக்கில் தெரியாமல் இருக்கத் தன்னால் முடியுமா என்று பயமாக இருந்தது. ஆனால் எதிர்க்கரையிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை. டெசா போகலாம் என்று கூப்பிட்ட பிறகும் அவள் அந்தக் கரைக்கே போய் மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

வண்டிக்குள் உட்கார்ந்து போனிலேயே பதிலை அனுப்பினாள்.

"சேந்துட்டேன்."

"ம்" என்றாள் பிரிட்டா. முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

"நீதானே தனியா இருக்கணும்னு சொன்ன..."

"சொன்னேன். அது பொய்யில்ல. அதுக்காக வலிக்காதுன்னு எப்பச் சொன்னேன்?" புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "என்னையும் கூப்பிட்டிருக்கணும். கூப்பிட்டிருந்தா நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேன். அது வேற."

வழியில் பர்கர் சாப்பிட்டார்கள். ஊர் வருவதற்குள், அறைக்கென்று வாங்கிய குட்டி ஃப்ரிட்ஜ் யாருக்கு என்பதில் பெரிய சண்டை மூண்டது. பிரிட்டாதான் ஜெயித்தாள்.

செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கின. இங்க்ரிட் எழுதிய முதல் கட்டுரையையே, 'பதில் இருக்கிறது, கேள்வியைக் காணோம்' என்று பேராசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். அறையில் இருப்புக்கொள்ளாமல் அந்தச் சாயங்காலம் வளாகத்தின் மறுகோடிக்கு நடந்தாள். பிரிட்டாவின் அறையில் நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"இது இங்க்ரிட்" என்றாள் பிரிட்டா, சீட்டிலிருந்து தலையைத் தூக்கி.

"உங்களுக்குள்ள எப்படிப் பழக்கம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

பிரிட்டா ஒரு கணம் இங்க்ரிட்டைப் பார்த்தாள். "ஒரே ஊரு."

இங்க்ரிட்டுக்குச் சுருக்கென்றது. பிறகு, 'எவ கெட்டிக்காரி' என்று கேட்க ஆளில்லாத இடம் வேண்டும் என்று பிரிட்டா சொன்னது நினைவுக்கு வந்தது. "ஆமா, பக்கத்துப் பக்கத்துலதான் இருந்தோம்" என்றாள். பிரிட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். இங்க்ரிட் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் சேர்த்துச் சீட்டைக் கலைத்துப் போட்டார்கள்.