கடல் கடந்த விண்ணப்பம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஞானஸ்நானச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் 'சாட்சி அண்ணன்'. ஞாயிறு ஆராதனையில் "சாட்சி சொல்ல விரும்புறவங்க..." என்று போதகர் ஆரம்பிப்பார். அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் மைக் அண்ணன் கைக்குப் போயிருக்கும். தொலைந்த சாவி கிடைத்தது, மழைக்கு முன்னால் துணி காய்ந்தது, பல்லைப் பிடுங்கியதும் பல்வலி நின்றது, எல்லாமே அவருக்குச் சாட்சிதான். வாரநாட்களில் குளியலறைக் குழாய்களும் பீங்கான் தொட்டிகளும் விற்கும் பெரிய கடையில் மேலாளராக இருந்தார். அங்கே வாடிக்கையாளருக்குக் குழாயைத் திறந்து காட்டும்போதும் ஒரு குட்டிச் சாட்சி இலவசம்.

இந்தச் சாட்சிகளுக்கெல்லாம் மகுடம், பாப்பா. கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில், கிறிஸ்தவர்கள் நடத்தும் பிள்ளைகள் இல்லத்தில் வளரும் பெண். அவளுடைய படிப்புச் செலவை அண்ணன் குடும்பம் ஏற்றிருந்தது. அவளுடைய உண்மையான பெயர் வாயில் நுழையாததால், அவளைக் கேட்காமலே 'பாப்பா' ஆக்கிவிட்டார்கள். வரவேற்பறையில் அவள் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வருகிறவர்கள் அந்தப் படம் தெரியாத நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், அண்ணனே கையைப் பிடித்து எழுப்பி இடம் மாற்றி உட்காரவைப்பார்.

அதே ஆணியில் முன்பு அவருடைய மகனின் படம் தொங்கியது.

மகன் செய்த குற்றம் இதுதான். வங்கித் தேர்வுக்குப் படி என்றால், ரொட்டி சுடப் போகிறேன் என்றான். "மேனேஜர் மகன் மாவு பிசையறதா? இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்றார் அப்பா. அப்பா சொல்லைக் கேட்காத பிள்ளை இதை மட்டும் கேட்டான். பேருந்தில் ஏறினால் டிக்கெட்டை மடித்துப் பையில் வைப்பதற்குள் இறங்கிவிடக்கூடிய தூரத்தில் ஒரு பேக்கரியில் சேர்ந்தான். சபையில் யாராவது, "என்னண்ணே, தம்பியைக் காணோம்?" என்று கேட்டால் அண்ணன் கண்ணை மேலே உயர்த்துவார். "வெளிநாட்டுல மேல்படிப்பு. கர்த்தரோட கிருபை." கேட்டவர்கள் "ஸ்தோத்திரம்" என்பார்கள். அடுத்த ஞாயிறும் கேட்பார்கள்.

அவருடைய மனைவி ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுப்பவர். குத்துவது தெரியாமல் குத்துவார் என்று பேர். தனக்குக் குத்துவதை வெளியே காட்டாமல் இருக்கவும் அதே அளவு பழகியிருந்தார். மகனை வீட்டுக்கு அழைக்க வேண்டும் என்று சபையில் ஜெபிக்கச் சொல்ல முடியாது. அங்கே காலையில் கொடுத்த ஜெப விண்ணப்பம் சாயங்காலத்துக்குள் கைகால் முளைத்து, வீடு வீடாகப் போய்க் காபி குடித்துவிட்டு வரும்.

அந்தப் பிள்ளைகள் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. உதவுகிற குடும்பங்கள் மாதந்தோறும் தங்கள் ஜெபக் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்து போனில் அனுப்பலாம். பிள்ளைகள் அவர்களுக்காக ஜெபிப்பார்கள். அண்ணன் அந்த வேலையை மனைவியிடம் தள்ளிவிட்டார்.

"நமக்கு என்ன குறை இருக்கு? பொதுவா ஏதாவது சொல்லி அனுப்பு."

அந்த அம்மாவும் முதலில் பொதுவாகத்தான் சொன்னார். ஒரு நாள் குளியலறைக் கதவைத் தாழிட்டு, கடையிலிருந்து வந்த விலையுயர்ந்த குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். "பாப்பா, மாமா மனசு இளகணும்னு வேண்டிக்கோ. என் மகன், உனக்கு அண்ணன், அவனை வீட்டுக்குள்ள சேர்க்கணும். அவன் வெளிநாட்டுல இருக்கான்னு மாமா பொய் சொல்றதை நிறுத்தணும்." கடலுக்கு அந்தப் பக்கம், தெரியாத பாஷை, சின்னப் பிள்ளை. யாருக்குத் தெரியப்போகிறது? மனசு லேசானது. அதற்குப் பிறகு மாதம் தவறவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, சபையின் பல் டாக்டர் அதே இல்லத்தில் இரண்டு பிள்ளைகளை ஏற்றுக்கொண்டார் என்று போதகர் அறிவிக்கும்வரை. இரண்டு! அண்ணனால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

"பணம் அனுப்புறது பெரிசில்லை. நாங்க குடும்பமா நேர்லயே போய்ப் பார்க்கப் போறோம். அங்கிருந்து வீடியோவுல உங்க எல்லாரோடயும் பேசுவேன். இந்தப் பெரிய திரையில பாப்பாவை நீங்களே பார்க்கலாம்."

சபை கைதட்டியது. அவருடைய மனைவியின் கை மட்டும் தட்டப் போய்ப் பாதியில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தார். "என்னங்க, அவ்வளவு தூரம் எதுக்குங்க? உங்களுக்கு முட்டிவலி வேற."

"விமானத்தை நானா ஓட்டப் போறேன்?"

"அந்தச் செலவுக்கு இன்னொரு பிள்ளையை எடுத்துக்கலாமே. நாமளும் ரெண்டுன்னு ஆயிடும்."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். சபலம்தான். "வேண்டாம். ரெண்டு எடுத்தா டாக்டரைப் பார்த்துச் செஞ்ச மாதிரி இருக்கும். நமக்கு விளம்பரம் பிடிக்காது."

அவர்கள் கிளம்பும் வாரம் பல் டாக்டரின் மனைவி ஒரு ஸ்வெட்டரைப் பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்தார். "வெளிநாடுதானே போறீங்க, அப்படியே தம்பியையும் பார்த்துக் குடுத்துடுங்கக்கா. அங்க குளிருமே, பாவம்." அவருடைய முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அம்மா ஸ்வெட்டரை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தார். அடுப்புப் பக்கத்தில் வேர்த்து நிற்கிற பிள்ளைக்கு ஸ்வெட்டர்.

பயணத்தில் அண்ணன் கழுத்துத் தலையணையை விமானத்தில் மாட்டியவர், விடுதி அறைக்குப் போகும்வரை கழற்றவில்லை. ஏறும் படிக்கட்டு, மேகம், உணவுத் தட்டு, தன் இருக்கைப் பட்டை எல்லாவற்றையும் படமெடுத்துச் சபைக் குழுவுக்கு அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் கீழே 'ஊழியப் பாதையில்' என்று எழுதினார்.

ஞாயிறு காலை பிள்ளைகள் இல்லத்துக்குப் போனார்கள். அண்ணன் மனதில் ஒரு கூரைக் கொட்டகை இருந்தது. முன்னால் நின்றதோ வெள்ளையடித்த மாடிக் கட்டடம். தொழில் புத்தி விடுமா? நேரே கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார். சொட்டவில்லை. நல்ல பித்தளை. அவர் எதிர்பார்த்து வந்த ஏழ்மை அந்தக் குழாயில் இல்லை. போதாததற்குப் பாப்பா அவரைவிட உயரமாக இருந்தாள். அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிற மாதிரி படம் எடுப்பதற்கு அண்ணன் ஒரு படி மேலே ஏறி நிற்க வேண்டியிருந்தது.

மொழிபெயர்க்க ஒரு நர்ஸ் வந்திருந்தாள். அந்த நாட்டுப் பெண். நர்ஸ் படிப்பை நம் ஊரில் விடுதியில் தங்கிப் படித்ததில், நம் பாஷையையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு போனவள். அண்ணன் அவளிடம் கறாராகச் சொல்லிவைத்தார்: "பாப்பா என்ன சொன்னாலும் ஒரு வார்த்தை விடாம, சத்தமா சொல்லணும்மா. அங்க கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்." சொல்லிவிட்டு கேமராவைச் சரிபார்க்கப் போனார்.

நர்ஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க முகம்தான் புதுசு. குரல் எனக்கு ரொம்பப் பழக்கம். மாசாமாசம் நான்தானே கேட்டு எடுத்துச் சொல்றேன்."

"பாப்பாகிட்டதானேம்மா?"

"பாப்பாகிட்டயா? எல்லார்கிட்டயும் அக்கா! சனிக்கிழமை ஜெபத்துல முதல் குறிப்பே உங்க வீடுதான். மத்தவங்க எல்லாம் 'நல்ல சுகம் வேணும், நல்ல வேலை வேணும்'னு ஒரே மாதிரி அனுப்புவாங்க. உங்களுது வந்தா பிள்ளைங்க அசையாம உட்கார்ந்து கேப்பாங்க."

அம்மா மெல்லக் கேட்டார். "இன்னைக்கு... என்ன ஜெபம் பண்ணுவாங்க?"

"அதேதான். வந்த விருந்தாளியை நடுவுல உட்காரவச்சு, தலையில கைவச்சு ஜெபிக்கிறது இங்க வழக்கம்." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, பயப்படாதீங்க. நான் சும்மா 'குடும்பம் நல்லா இருக்கணும்'னு மட்டும் மாத்திச் சொல்லிடறேன். யாருக்கும் தெரியாது."

அம்மா கணவரைப் பார்த்தார். கேமராவின் முன்னால் நின்று, கண்ணீர் வந்தால் துடைக்கக் கைக்குட்டையை எந்தப் பையில் வைத்தால் எடுக்க வசதி என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திச் சொன்னால் இன்றைக்குத் தப்பலாம். அப்புறம் ஊருக்குப் போய், குளிருகிற வெளிநாட்டில் மகன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறான் என்று டாக்டர் மனைவியிடம் தானே தன் வாயால் சொல்ல வேண்டும். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும்.

"வேண்டாம்மா" என்றார். "அவர் சொன்ன மாதிரியே சொல்லு. ஒரு வார்த்தை விடாதே."

வீடியோ இணைப்பு கிடைத்தது. சுவரில் இருந்த திரையில் சபை முழுவதும் தெரிந்தது. அண்ணன் கையசைத்து, தொண்டையைச் செருமி, "கர்த்தருக்குள் பிரியமானவர்களே" என்பதற்குள் ஒரு குட்டி முக்காலியைப் போட்டு அவரை அழுத்தி உட்காரவைத்துவிட்டார்கள். முட்டி நெஞ்சுக்கு வந்தது. சுற்றிலும் பிள்ளைகள். எண்ணெய் தடவிச் சீவிய அவருடைய தலைமேல் கைகள் குவிந்தன. ஆசீர்வதிக்க வந்தவர் ஆசீர்வாதத்தின் அடியில் மாட்டிக்கொண்டார்.

பாப்பா கண்ணை மூடி ஜெபித்தாள். நர்ஸ் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மொழிபெயர்த்தாள்.

"ஆண்டவரே, இந்த மாமாவோட கல்லு மனசை இளக்கும். அண்ணனை வீட்டுக்குள்ள சேர்த்துக்க அவருக்குப் புத்தி குடும். ரொட்டி சுடறது அவமானம் இல்லைன்னு அவருக்குப் புரியவையும். சபையில அவர் சொல்ற பொய்யை மன்னியும். இனிமே சொல்லாம அவர் வாயைக் காத்துக்கொள்ளும்."

அண்ணன் தலையைத் தூக்கப் பார்த்தார். அத்தனை கைகள், முடியவில்லை. திரையின் வழியாக வழக்கமாக வருகிற "ஆமென்" வரவில்லை. யாரோ ஒருவருடைய இருமல் மட்டும் கடல் தாண்டி வந்தது.

பாப்பா கண்ணைத் திறந்து ஆசையாகக் கேட்டாள். "அண்ணன் வீட்டுக்கு வந்துட்டாரா?"

"அது வந்து..." அண்ணனின் பழகிய வாய் பழகிய பாதையில் போனது. "அவன் வெளிநாட்டுல இருக்கான்."

நர்ஸ் அதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். பிள்ளைகள் பரபரப்பாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பா வாசலை எட்டிப் பார்த்தாள்.

"வெளிநாடுன்னா இங்கதானே, எங்க நிக்கிறார்னு கேக்கறா" என்றாள் நர்ஸ்.

திரையில் போதகர் மைக்கை வாங்கினார். "அண்ணே, விடுங்க. ஆராதனை முடிஞ்சு நாம சாப்பிடற பன்னு தம்பி சுட்டதுதான். அவரே சைக்கிள்ல கொண்டுவந்து பின்வாசல்ல குடுத்துட்டுப் போவார். எல்லாருக்கும் தெரியும். நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லலை."

சபை அவ்வளவு அன்பானது. அவர் சங்கடப்படக் கூடாது என்று ரகசியத்தைக் காத்திருக்கிறது. அதே அன்போடு ஞாயிறு தவறாமல் "தம்பி எப்படி இருக்கார்?" என்று கேட்டு, அவர் மேலே பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் போய், தம்பி சுட்ட பன்னைச் சாப்பிட்டிருக்கிறது.

விடுதி அறையில் கதவைச் சாத்தியதும் அண்ணன் வெடித்தார். "ஊரையே கூட்டி வச்சு என் மானத்தை வாங்கிட்டியே!"

"நான் கதவைப் பூட்டிக்கிட்டு ஒரு பிள்ளைகிட்ட சொன்னேன். ஊரைக் கூட்டினது நீங்க. திரை வச்சது நீங்க. ஒரு வார்த்தை விடாதேன்னு சொன்னதும் நீங்கதான்."

"புருஷனைப் பத்திப் போய் யாராவது..."

"புருஷனைப் பத்தி இல்லைங்க, பிள்ளையைப் பத்தி." அம்மா பெட்டியைத் திறந்து துணிகளை இரண்டு குவியலாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தார். "ஊருக்குப் போனதும் நீங்க போய் அவனைக் கூப்பிடுங்க. அவன் வந்தா மூணு பேரும் ஒரு வீட்டுல இருப்போம். இல்லைன்னா நான் அவன் தங்கியிருக்கிற ரூமுக்குப் போயிடறேன். பாப்பா படம் உங்களுக்குத் துணைக்கு இருக்கும்."

ஊசி ஏறியது தெரிய அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரும்பும் விமானத்தில் மேகங்கள் யாராலும் படம் எடுக்கப்படாமல் போயின.

ஊரில் இறங்கியதும் டாக்ஸியை நேரே பேக்கரிக்கு விடச் சொன்னார் அம்மா. தான் பெட்டிகளோடு வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். அண்ணன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கடை வரிசையில் நின்றார். முறை வந்தது.

"என்ன வேணும்?" மகன் தட்டை அடுக்கிக்கொண்டே கேட்டு, நிமிர்ந்து, அப்படியே நின்றான்.

"மகனே, கடல் கடந்து போன இடத்துல கர்த்தர் என்னோட பேசினார். எப்படின்னா..."

"பின்னால ஆள் நிக்கிறாங்கப்பா. சுருக்கமா."

சுருக்கம், அண்ணன் வாழ்நாளில் யாரும் அவரிடம் கேட்காத பொருள். தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. "வீட்டுக்கு வா."

"வேலையை விட்டுட்டா?"

"வேலையோட."

"சபையில என்னன்னு சொல்லுவீங்க?"

"மாவு பிசையறான்னு."

"பிசையறதுக்கு மிஷின் இருக்கு. நான் சுடறேன்."

"சரி. சுடறான்னு சொல்றேன்."

மகன் வாசலுக்கு வெளியே டாக்ஸியைப் பார்த்தான். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டான். "வேலை முடிய நேரமாகும். அம்மாவைக் கூட்டிட்டு நீங்க முன்னால போங்க."

"இல்ல. அவ நம்ப மாட்டா. நான் இருந்து கூட்டிட்டே போறேன்." உட்கார இடம் தேடினார். மாவு மூட்டையைத் தவிர வேறு இல்லை. கருப்புக் கோட்டோடு அதன்மேல் உட்கார்ந்தார்.

"அப்பா பிள்ளை ராசியாயிட்டீங்கன்னா," என்றது வரிசையில் பின்னால் ஒரு குரல், "எனக்கு ஒரு ரொட்டி குடுத்து அனுப்பினீங்கன்னா புண்ணியமாப் போகும்."