அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்

தோ பாயோ வட்டாரத்து அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் இரண்டு கணினிகள். அவற்றை இணைக்கும் கம்பியைத் தன் கையாலேயே பற்றவைத்திருந்தாள் பிரிஜட். 1986ஆம் ஆண்டின் ஒரு ஞாயிறு அது. தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவள், கோயிலுக்குக் கட்டிய சேலையை இன்னும் மாற்றவில்லை.

மூன்றாண்டுகளாக அவள் கணினியில் ஓர் அறிவிப்புப் பலகை நடத்திவந்தாள். கணினியும் மோடமும் வைத்திருந்த தமிழர் சிலர் தொலைபேசி வழியே அதற்குள் வந்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக் கடிதம் விட்டுப்போவார்கள். இப்போது பழைய கணினி இழுத்துக்கொண்டு கிடந்தது. புதியது வேறோர் இயக்க முறைமையில் ஓடுவது. பழைய வட்டை அது வாசிக்காது. “ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பலகை புதிய கணினியில் திறக்கும். ஒரு கடிதமும் தொலையாது” என்று பலகையிலேயே வாக்குக் கொடுத்திருந்தாள்.

தேக்காவில் வானொலிக் கடை வைத்திருந்த முகைதீன், புதிய கணினியை அவளுக்கு விற்ற அன்றைக்கே சிரித்தார். “பழைய கடுதாசிய மறந்துடும்மா. புதுசா ஆரம்பி லா.”

நான்கு மணிக்குக் கம்பி வழியே கோப்பு முழுவதும் வந்து சேர்ந்தது. திறந்தால், திரையில் ஒரே ஒரு கடிதம்: முதன்முதலில் அவளே எழுதிய வரவேற்பு.

அண்ணன் எட்மண்ட் எட்டிப்பார்த்தான். “உன் லெட்டர் மட்டும் பத்திரமா வந்திருக்கு. மத்த அறுநூத்திப் பதினொண்ணு எங்க? செல்பிஷ் மெஷின் லா.”

“சும்மா இருண்ணே.”

பிரிஜட் கோப்பின் அளவைப் பார்த்தாள். ஓர் எழுத்தும் குறையவில்லை. ஆக, கடிதங்கள் உள்ளேதான் இருக்கின்றன. வாசிப்புதான் பாதியில் நிற்கிறது.

தன் பழைய நிரலைப் புரட்டினாள். பழைய முறைமை எதையும் நூற்றிருபத்தெட்டு எழுத்துகள் கொண்ட கட்டங்களாகவே சேமிக்கும். ஒவ்வொரு கடிதத்தின் கடைசிக் கட்டத்திலும் எஞ்சிய இடத்தை அவள் முடிவுக்குறிகளால் நிரப்பியிருந்தாள். கட்டங்களை எண்ணி வாசித்தவரை அதனால் இடைஞ்சல் இல்லை. புதிய முறைமையோ முதல் முடிவுக்குறியைக் கண்டதுமே கோப்பு தீர்ந்ததென்று நின்றுவிடுகிறது. தவறு இயந்திரத்தினுடையதன்று, தன்னுடையது என்று தெரிந்ததும் அவளுக்குத் தெம்பு வந்தது. தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்கலாம்.

குறிகளை மட்டும் உதறிவிட்டுக் கோப்பை இறுதிவரை வாசிக்கும் சிறுநிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டாள். ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் திரை 612 என்றது.

“அடேயப்பா!” என்றான் எட்மண்ட். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

ஐந்து மணிக்கு மோடம் கீச்சிட்டது. முகைதீன்தான். வந்ததும் வராததுமாக, சோதிப்பவர்போல, வாய்க்கு வந்த எண்ணாக ஒன்பதாம் கடிதத்தைக் கேட்டார். திரையில் வரி வரியாக அது விழுந்தது: “இந்தப் பலகை மூணு மாசம் தாங்காது. முகைதீன், தேக்கா.”

அவர் உடனே தட்டினார்: “இது நான் எழுதினதா? அழிச்சிடும்மா, மானம் போகுது.”

“ஒரு கடிதமும் தொலையாதுன்னு சொல்லியிருக்கேன், முகைதீன் நானா” என்று தட்டினாள் பிரிஜட்.

இணைப்பைத் துண்டிக்குமுன் அவர் 613ஆம் கடிதத்தை விட்டுப்போனார்: “மூணு மாசம்னது தப்பு. முப்பது வருஷம்னு வச்சுக்குங்க.”