பல் டாக்டரின் ஜெட் பம்ப்

பல் டாக்டருக்கு அந்தப் படகைப் பார்த்த முதல் நாளே பிடித்துப்போயிற்று. அதில் தவறில்லை. முப்பது வருடப் பழைய படகை, "அப்படியே தண்ணில இறக்கி ஓட்ட வேண்டியதுதான்" என்று விற்றவர் சொன்னதை நம்பியதுதான் தவறு. தண்ணீரில் இறங்கியது, ஓடவும் ஓடியது. ஆனால் இன்ஜின் போடும் சத்தத்துக்கும் படகு போகும் வேகத்துக்கும் சம்பந்தமே இருக்கவில்லை.

அதையும் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை, அதே ஏரியில் புதுப் படகு வாங்கி விட்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. சகலை குளியலறை ஓடு வியாபாரி. ஞாயிற்றுக்கிழமைதோறும் டாக்டரின் படகைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து அக்கறையாக விசாரிப்பார்.

"என்ன சகல, நங்கூரத்த எடுக்க மறந்துட்டீங்களா?"

டாக்டர் சிரிப்பார். தொழில் அப்படி என்பதால் பல் முழுக்கத் தெரியச் சிரிப்பார். அன்று இரவு வரை வீட்டில் யாரிடமும் பேச மாட்டார்.

நான்காவது ஞாயிறு தாண்டியதும் படகைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே மெக்கானிக் ஒரு பெண்மணி. பேச்சு குறைவு. படகின் பின்பக்கம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இந்தப் படகுக்கு வெளிய விசிறி கிடையாது, டாக்டர். இந்த ஜெட் பம்ப்தான் அடியிலேர்ந்து தண்ணிய உறிஞ்சி, பின்னாடி பீச்சியடிச்சு படகத் தள்ளுது. அது தேஞ்சுபோச்சு. மாத்திடலாம். என்ன மாடல்?"

"பழைய மாடல்."

"அது பாத்தாலே தெரியுது. பேரு, நம்பர்?"

மாடல் எண் பொறித்த தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. போதாததற்கு, முந்தைய சொந்தக்காரர் பம்ப் முழுவதற்கும் பச்சைப் பெயின்ட் பூசியிருந்தார். ஒரு முறை அல்ல, மனம் வந்தபோதெல்லாம்.

"மாடல் தெரியாம ஆர்டர் போட மாட்டேன். ஒரு நூல் வித்தியாசம்னாலும் உள்ள உக்காராது. கண்டுபிடிச்சுட்டு வாங்க" என்றார் மெக்கானிக்.

டாக்டர் படகுப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவை நாடினார். அதில் இருநூற்றுப் பதினேழு பேர். முப்பது பேரிடம் படகு இருந்தது. மற்றவர்கள் நிபுணர்கள். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த அவகாசத்தில் அவசரமாகப் படத்தை அனுப்பினார். போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்தது.

"சந்தேகமே இல்ல. மூணாவது சீரிஸ்."

"மூணாவது இல்லங்க, நாலாவது. அடியில ரெண்டாப் பிரியுது பாருங்க."

"இத நிறுத்தி இருபது வருஷம் ஆச்சு. தூக்கிப் போடுங்க."

டாக்டர் எல்லாவற்றையும் மருந்துச் சீட்டில் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். மத்தியானம் சாப்பிடும்போதுதான் தான் அனுப்பிய படத்தைப் பார்த்தார். பம்ப் இல்லை. காலையில் வந்த ஒரு நோயாளியின் கடைவாய்ப்பல் எக்ஸ்ரே.

மன்னிப்புக் கேட்டுக் குழுவில் உண்மையைச் சொன்னார். பிறகு மூன்றாவது சீரிஸ்காரர் எழுதினார்: "எக்ஸ்ரேல அப்படித்தான் தெரியும்." டாக்டர் சரியான படத்தை அனுப்பினார். அதே ஆட்கள் அதே பதில்களையே சொன்னார்கள்.

"ஏங்க, ஊரெல்லாம் கேக்கறீங்களே, அந்தப் பம்பையே பாத்தா என்ன?" என்றாள் மனைவி. "அடியில எங்கயாவது வார்க்கும்போதே நம்பர் போட்டிருப்பாங்க. வாய்க்குள்ள பாக்கற கண்ணாடி உங்ககிட்ட இல்லாமயா போச்சு?"

டாக்டர் மறுநாளே கருவிப் பெட்டியோடு பட்டறைக்குப் போய்ப் படகுக்கடியில் மல்லாந்து படுத்தார். சின்னக் கண்ணாடியைப் பம்ப்பின் பின்பாதிக்கு அடியில் நுழைத்துப் பார்த்ததில், பெயின்ட்டுக்குள் ஏதோ மேடாகத் தெரிந்தது. பல்லில் காரை எடுக்கும் கொக்கியால் பச்சையை அடுக்கடுக்காகச் சுரண்டினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை, "வலிச்சா கையத் தூக்குங்க" என்று பம்ப்பிடம் சொன்னதாக மெக்கானிக் பிற்பாடு பலரிடம் சொன்னார். டாக்டர் அதை இன்றுவரை மறுக்கிறார்.

எழுத்துகள் பாதி அரித்துப்போயிருந்தன. படிக்க முடியவில்லை. டாக்டர் யோசித்தார். பிறகு, பல்செட் கட்ட அச்சு எடுக்கும் இளஞ்சிவப்பு மாவைப் பிசைந்து அதன்மேல் அழுத்தி, நான்கு நிமிடம் பிடித்துக்கொண்டு, மெல்ல உரித்தெடுத்தார். மாவில் ஆறு எண்களும் ஓர் எழுத்தும் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. முன்பாதியிலும் அதே வைத்தியம் செய்தார். அங்கே வேறு எண் கிடைத்தது.

மெக்கானிக் தன் பழைய புத்தகத்தைப் புரட்டினார். முதன்முறையாக அவர் முகத்தில் சுவாரசியம் தெரிந்தது.

"முன்பாதி ஒரு மாடல், பின்பாதி வேற மாடல். யாரோ ரெண்டையும் சேத்து மாட்டியிருக்காங்க."

"அதாவது, மேல்தாடை ஒருத்தரோடது, கீழ்த்தாடை இன்னொருத்தரோடது."

"அதேதான். ஆனா கடிக்குது."

செய்தி குழுவுக்குப் போனது. ஒருவர் சொன்னதும் சரியில்லை. ஆனால் ஆளுக்குப் பாதி சரி என்று எல்லோரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

பம்ப்பைப் பிரித்தபோது, உள்ளே சுழலும் இம்பெல்லர் என்ற விசிறியின் விளிம்பு எலி கடித்ததுபோல் இருந்தது. அதற்கும் அதைச் சுற்றியிருந்த ரிங்குக்கும் நடுவே மெக்கானிக்கின் சுண்டுவிரல் நுழைந்தது.

"பின்னாடி போக வேண்டிய தண்ணி இந்த இடுக்கு வழியா திரும்பி வந்துடுது. வேகம் எப்படி வரும்?"

"இருக்கறதுலயே பெரிய இம்பெல்லரா போட்டுடுங்க. என் சகல படகுல இருக்கறத விட பெருசா."

"உங்க இன்ஜினுக்கு மூச்சு வாங்கும்."

"பரவால்ல, வாங்கட்டும்."

"டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர் வாய அளவெடுத்து உங்க நோயாளிக்குப் பல் கட்டுவீங்களா?"

இன்ஜினுக்குப் பொருத்தமான துருப்பிடிக்காத இம்பெல்லரும் புது ரிங்கும் வர மூன்று வாரம் ஆயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியும் அவள் தங்கையும் படகில் ஏறிக்கொண்டார்கள். டாக்டர் விசையைத் தள்ளினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு சீறிப் பாய்ந்தது. ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றினார். கண்ணில் நீர் வந்தது. காற்றினால்தான் என்று சொல்லிக்கொண்டார். சகலை இன்னும் வந்து சேராததுதான் ஒரே குறை.

"ஏங்க, சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் நிறுத்துங்களேன். இவ மாமியார் விஷயம் பாதில நிக்குது."

"அஞ்சே நிமிஷம், அத்தான்" என்றாள் மைத்துனி.

ஏரியின் நட்டநடுவே டாக்டர் இன்ஜினை அணைத்தார். சரியாக அப்போதுதான் சகலையின் படகு வந்தது.

"நின்னுபோச்சா? இருங்க சகல, கயிறு வீசறேன்!"

"ஒண்ணும் ஆகல. நானாதான் நிறுத்தினேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நமக்குள்ள என்ன வெக்கம்?"

ஒரு முனையைத் தன் படகில் கட்டி, மறுமுனையை வீசினார். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கயிறு தண்ணீரில் விழுந்து, மெதுவாக மிதந்து, படகின் அடிப்பக்கம் போயிற்று.

"இப்பப் பாருங்க!" என்று டாக்டர் சாவியைத் திருகினார்.

"ஏங்க, கயிறு..." என்றாள் மனைவி.

பம்ப் தன் கடமையைச் செய்தது. பதினோரு மீட்டர் கயிற்றை ஒரே மூச்சில் விழுங்கியது. சகலையின் படகு விருட்டென்று இழுபட்டு வந்து டாக்டரின் படகோடு மோதி நின்றது. இன்ஜின் இரண்டு முறை இருமி அடங்கியது. சகலைகள் இருவரும் ஆளுக்கொரு கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மைத்துனி விட்ட இடத்திலிருந்து மாமியார் கதையைத் தொடர்ந்தாள்.

மறுநாள் பட்டறையில், மெக்கானிக் பம்ப்புக்குள்ளிருந்து கயிற்றை வெட்டி வெட்டி எடுத்தார். நடந்ததற்கு யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்ள சகலைகள் இருவருமே வந்திருந்தார்கள். கடைசித் துண்டை எடுத்ததும் அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ரிங்குல கீறல் இல்ல. இம்பெல்லரும் அப்படியே இருக்கு. என்னா இழுப்பு! பழைய பம்பா இருந்தா இதுல கால்வாசிகூட உள்ள போயிருக்காது."

டாக்டரின் முகம் மலர்ந்தது.

"அத இன்னொரு தடவ, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மேடம்" என்றார். "சகலைக்குக் காது கொஞ்சம் மந்தம்."