நாலோங்கோவின் மரமும் நாற்பது சொற்களும்

1

"அவகிட்டயே கேளு. தோலை உரிச்சு வெயில்ல நிக்க வெச்சா, சாயங்காலம் வரைக்கும் சிரிச்சுக்கிட்டு நிப்பாளான்னு கேளு."

"அண்ணி, கத்தாதீங்க. கேமரா ஓடுது."

"ஓடட்டும். என் மூஞ்சிக்கென்ன? உன் மூஞ்சியைத்தான் துணி போட்டு மூடணும்."

இந்தக் கதை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு மேலங்கியில் தொங்கவிடப்போகும் அட்டைக்கு நாற்பது சொற்கள் எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். நாற்பதில் அடங்கவில்லை.

கத்தியவள் நாலோங்கோ. இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற நாளிலிருந்து, மசாக்காவுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் அவளை யாரும் வேறு பெயரில் கூப்பிடுவதில்லை. அவளை அடக்கியவன் அவள் கணவனின் தம்பி கவீசா, மரப்பட்டையை அடித்துத் துணியாக்குகிறவன். கேள்வி போய்ச் சேர வேண்டியவள், 'நிதான உடை' என்று இந்தத் துணியில் மேலங்கி தைத்து விற்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள். அவளுக்கு இங்கே பெயர் வைக்க மாட்டேன். இரண்டு நாள் இருந்தாள். எங்களில் ஒருவர் பெயரையும் அவள் கேட்கவில்லை.

இரு பக்கத்துப் பேச்சையும் மாற்றிக் கொடுக்க நடுவில் நின்றவள் நான்.

2

அட்டையின் முதல் வரி: இந்தத் துணிக்காக எந்த மரமும்

(அடித்துவிட்டேன். காரணம் பின்னால் வரும்.)

அடுத்த முயற்சி: பல தலைமுறைகளாக அமைதியாக வாழும் ஒரு மக்கள்

(அமைதியா? கவீசாவின் கொட்டகையில் மூன்று பேர் கட்டையால் அடிக்கும்போது வந்து நின்று பாருங்கள்.)

'நிதானம்' என்ற சொல் இரண்டு முறையாவது வர வேண்டுமாம். கவீசாவிடம் சொன்னேன்.

"துணியில நிதானம்னு எழுதுவாங்க. எனக்கு மட்டும் தினம் போன் பண்ணி ஆச்சா ஆச்சான்னு உயிரை எடுப்பாங்க. மழை வந்தாத்தான் பட்டை கழலும்னேன். மழைக்கு வேற வழி இருக்கான்னு கேக்குறாங்க."

3

இனி நடந்தது நடந்தபடி.

காலையில் கவீசா நாலோங்கோவின் முத்துபா மரத்தைக் கீறினான். வாழைத்தண்டில் சீவிய ஆப்பைச் செருகி, பட்டையை ஒரே துண்டாக உரித்தெடுத்தான். அதை ஈரத்தோடு அடிக்க வேண்டும், கொட்டகைக்குக் கொண்டு ஓடச் சுருட்டிக்கொண்டிருந்தான். அடிமரம் நனைந்து வெளிறி நின்றது. நாலோங்கோ இரண்டு கை நிறைய வாழையிலை வைத்திருந்தாள். உரித்த கையோடு இலையைச் சுற்றிக் கட்ட வேண்டும். ஒரு வாரத்தில் புதுத் தோல் வரும்; அடுத்த வருடம் மறுபடி உரிக்கலாம்.

அடுத்த வருடத்துப் பட்டை அவளுடைய அப்பாவுக்கு. இறந்தால் மகளின் மரத்துத் துணியால்தான் தன்னைச் சுற்ற வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். இப்போதைக்குத் திடமாகத்தான் இருக்கிறார். வாரம் ஒருமுறை வந்து மரத்தைத் தட்டி, "எனக்கு அளவு பத்துமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

கம்பெனிக்காரி சொன்னாள்: "சுற்ற வேண்டாம். மாலை வெளிச்சம் வரட்டும். வெறும் மரம்தான் அழகு." அதற்கு நாலோங்கோ சொன்ன பதில்தான் இந்தக் கதையின் முதல் வரி. நான் அதை எப்படி மொழிபெயர்த்தேன் தெரியுமா?

"கொஞ்சம் கவலைப்படுகிறார்."

அவள் புன்னகைத்தாள். "நான்கு மணி வரைதான் என்று சொல்."

நான் நாலோங்கோவிடம் சொன்னது: "ரெண்டே நிமிஷம்க்கா. ஒரே ஒரு படம்."

மொழிபெயர்ப்பு நாவல்களில் கிடந்து வளர்ந்தவள் நான். மொழிபெயர்ப்பாளர் பொய் சொல்வார் என்று ஒரு பக்கத்தில்கூட எனக்குத் தோன்றியதில்லை. அன்று காலைதான் அந்தப் பெண் எனக்கு அவள் ஊரில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தாள். (இந்த வரியை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் திரும்பப் போட்டேன்.)

நாலோங்கோ என்னை நம்பி இலைகளைக் கீழே வைத்தாள். அரை மணி கழித்துக் கட்டப் போனாள். கேமராக்காரன் கையைக் காட்டி நிறுத்தினான். மறுபடி போனாள். படம் இல்லையென்றால் கொழுந்தனுக்கு ஆர்டர் இல்லை என்றார்கள். அதை மட்டும் நான் பிசகாமல் மொழிபெயர்த்தேன். இலைக்கட்டை என் காலடியில் வீசினாள்.

"நீயே கட்டுடி."

நான் குனிந்து அதை எடுக்க

இல்லை. குனியவில்லை.

4

அன்று நான்கு மணிக்குப் படம் முடிந்ததும் நாலோங்கோவே கட்டிய இலையை எட்டாம் நாள் அவிழ்த்தோம். வாழை நிழலில் இருந்த கிழக்குப் பக்கம் பிள்ளைக் கன்னம் மாதிரி புதுத் தோல். வெயில் விழுந்த மேற்குப் பக்கம் முழங்கால் உயரத்திலிருந்து தோள் உயரம் வரை கருகி வெடித்து, வெடிப்புக்குள் எறும்பு. நாலோங்கோவின் அப்பா வந்தார். கருகிய இடத்தில் கையை வைத்தார். அளவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் படம் வந்துவிட்டது. பொன் வெளிச்சத்தில் உரித்த மரம். கீழே என் நாற்பது சொற்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். 'எந்த மரமும் காயப்படவில்லை' என்பது கட்டாயமாம். எங்கள் ஊரில் வேறு எந்த மரத்தைப் பற்றியும் அதை நான் கூசாமல் எழுதுவேன்!

5

முடிவுகளுக்கும் முயன்றேன்.

ஒன்று: மழை பெய்கிறது, கருகிய பக்கத்தில் ஒரு தளிர். மேலங்கி வாங்குகிறவர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்கு எழுதிய முடிவு இது. அவர்களுக்கு ஏற்கெனவே நல்ல மெத்தை இருக்கிறது.

இன்னொன்று: நான் அட்டையைக் கிழித்துக் கம்பெனிக்காரியின் முகத்தில் எறிகிறேன். எழுதும்போது கை பரபரத்தது. படித்தபோது கூசியது. மரம் நாலோங்கோவுடையது, காயம் மரத்துடையது. வீரம் மட்டும் எனக்கா?

6

ஆகவே நேற்று நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். மேற்கொண்டு நடப்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். என் கையை நான் நம்பவில்லை.

நாலோங்கோ வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எழுதிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"நாலு நாளா அப்ப என்னத்தக் கிறுக்குற?"

"கதை."

"நான் இருக்கேனா?"

"இருக்கீங்க."

"நல்லாத் திட்டுறேனா?"

"திட்டுறீங்க."

"அது அவ காதுல விழுமா?"

நான் காகிதங்களை அடுக்கினேன். அவள் மேசையிலிருந்த என் போனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"அவளுக்குப் போடு. நான் பேசுறேன். நீ பக்கத்துல நின்னு சொல்லு, ஒரு வார்த்தை குறையாம. போடு."